கடவுள் மனிதரானார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் பொருள்

கடவுள் மனிதரானார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் பொருள் என்ன என்று நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எங்கும் நிறைந்த கடவுள் இயேசு என்ற ஒரு குழந்தையாகப் பிறந்தார் என்றால் என்ன பொருள்? மனிதரை மன்னிக்க நினைத்திருந்தால் இருந்த இடத்திலிருந்தே மன்னித்திருக்கலாமே, பிறந்து வந்து பாடுபட என்ன அவசியம்? அந்தக் குழந்தை முன்னணையில், அதாவது தீவனத் தொட்டியில், தூங்கிக்கொண்டிருந்தபோது உலகத்தை யார் நடத்தினார்கள்? மூன்றும் பழைய கேள்விகள். திருச்சபையின் முதல் சில நூற்றாண்டுகளில் இவற்றுக்காக மனிதர்கள் நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள், சிறையில் கிடந்திருக்கிறார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நேரடியான பதில். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தில் இரண்டாமவராகிய நித்திய குமாரன், தாம் கடவுளாயிருப்பதை விடாமல், மரியாளின் வயிற்றில் முழு மனித இயல்பையும் ஏற்றுக்கொண்டார். குமாரனை "வார்த்தை" என்று அழைக்கிற யோவான் நற்செய்தி இதை இப்படிச் சொல்கிறது: "அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்." இதே நற்செய்தியின் முதல் வசனம் அந்த வார்த்தை தேவனாயிருந்தது என்று சொல்லியிருக்கிறது. கிறிஸ்துமஸின் முழுப் பொருளும் இந்த இரண்டு வசனங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. ஒன்றைக் கொஞ்சம் தளர்த்தினாலும் மற்றது கையை விட்டுப் போய்விடும்.

இங்கே எளிதில் வருகிற தவறான எண்ணம் ஒன்று உண்டு. கடவுள் தம்மைச் சுருக்கிக்கொண்டு, தெய்வத்தன்மையை மேலே கழற்றி வைத்துவிட்டு, ஒரு குழந்தை உடலுக்குள் புகுந்துகொண்டார் என்பது அது. உங்கள் மூன்றாவது கேள்வி இந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கிறது. திருச்சபை ஒருபோதும் அப்படிப் போதித்ததில்லை. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியுஸ் இதற்குத் தெளிவாகப் பதில் எழுதினார். வார்த்தையானவர் அந்த உடலில் இருந்தார், ஆனால் அந்த உடலுக்குள் அடைபட்டிருக்கவில்லை. மனிதராக மரியாளின் மடியில் இருந்த அதே வேளையில், கடவுளாக எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டும் இருந்தார் என்பது அவர் பதில். சிம்மாசனம் காலியாகவில்லை. தாயின் பாலைக் குடித்தவரே அந்தத் தாயின் மூச்சையும் தாங்கிக்கொண்டிருந்தார். இது எப்படி முடியும் என்று நம் மூளையால் வரைந்து காட்ட முடியாது. ஆனால் என்ன சொல்லப்படுகிறது என்பதில் குழப்பம் இல்லை. ஒன்றை இழந்து இன்னொன்றாக மாறியதாகச் சொல்லப்படவில்லை. தமக்கு இல்லாதிருந்த மனித வாழ்வைத் தமக்கே உரியதாக எடுத்துக்கொண்டார் என்பதே சொல்லப்படுகிறது. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்" என்கிறார். அவர் எப்படி வெறுமையாக்கினார் என்பதற்கு விளக்கம் அடுத்த சொற்களிலேயே இருக்கிறது: அடிமையின் ரூபத்தை எடுத்ததன் மூலம்.

இதற்கு நேர் எதிரான தவறு, அவர் மனிதராக வந்ததே ஒரு தோற்றம்தான் என்பது. கடவுளுக்குப் பசி, வியர்வை, வலி எல்லாம் தகாது என்று நினைத்தவர்கள் முதல் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தார்கள். யோவானின் முதல் நிருபம், இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை அறிக்கையிடாத ஆவி தேவனால் உண்டானதல்ல என்று கடுமையாகச் சொல்வது இதற்காகத்தான். சில ஆண்டுகள் கழித்து, அந்தியோகியாவின் ஆயர் இக்னேஷியஸ் மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் திருச்சபைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். நம் ஆண்டவர் பட்டதெல்லாம் வெறும் தோற்றம் என்றால் என் கையில் இருக்கிற இந்தச் சங்கிலியும் தோற்றம்தானா என்று அவற்றில் ஒன்றில் கேட்கிறார். விலங்கு பூட்டிய மனிதர் கேட்கிற கேள்வி அது. காட்டு மிருகங்களின் முன் நிற்கப் போகிறவருக்கு, தோற்றத்துக்கு மட்டும் பாடுபட்ட கடவுளால் எந்தப் பயனும் இல்லை.

நற்செய்தி எழுதியவர்கள் இந்த விஷயத்தில் கூச்சப்படவே இல்லை. லூக்கா துணிகளில் சுற்றப்பட்ட குழந்தையைக் காட்டுகிறார். தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்கிறார். (மாட்டுத் தொழுவம் என்று அவர் எழுதவில்லை, அது முன்னணையை வைத்து நாம் ஊகித்துக்கொண்டது.) பன்னிரண்டு வயதுச் சிறுவன் "ஞானத்திலும், வளர்த்தியிலும்" விருத்தியடைந்தார் என்கிறார். யோவான், பயணத்தில் களைத்துப்போய்க் கிணற்றருகே உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறவரைக் காட்டுகிறார். மாற்கு சொல்லும் புயல் சம்பவத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அலை படகுக்குள் மோதி நிரம்புகிறது, அப்போதும் எழவில்லை. அவ்வளவு அசதி. சீஷர்கள் எழுப்புகிறார்கள். எழுந்தவர் காற்றை அதட்டுகிறார், கடல் அடங்குகிறது. தூங்கியவர் வேறு, அதட்டியவர் வேறு என்று மாற்கு பிரித்துச் சொல்வதில்லை. ஒரே ஆள். நான் இந்த விசுவாசத்தை யாருக்காவது விளக்க வேண்டி வந்தால் பெரும்பாலும் அந்தத் தலையணையிலிருந்துதான் தொடங்குவேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மூன்றிலும் கனமானது இதுதான்: இருந்த இடத்திலிருந்தே மன்னித்திருக்கக் கூடாதா?

அத்தனாசியுஸ் இந்த எதிர்ப்பைத் தாமே எடுத்து வைத்துப் பேசுகிறார். மனிதன் செய்தது ஒரு குற்றம் மட்டுமே என்றால் அவன் மனந்திரும்புவதும் கடவுள் மன்னிப்பதும் போதும் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் பாவம் ஏட்டில் பதிந்த ஒரு குற்றத்தோடு நிற்கவில்லை. கடவுளை விட்டு விலகியதால் மனித இயல்பே அழிவுக்குள் சரிந்துவிட்டது, சாவு உடலுக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது என்கிறார். விஷம் ஏறியவனிடம் "உன்மேல் எனக்குக் கோபமில்லை" என்று சொல்வதால் விஷம் இறங்காது. சாவு எங்கே இருக்கிறதோ அங்கேயே உயிர் வந்து சேர வேண்டும். ஆகவே உயிராகிய வார்த்தையானவர் சாகக்கூடிய உடலை எடுத்தார், அதைச் சாவுக்குக் கொடுத்தார், உயிர்த்தெழுந்தார். எபிரெயர் நிருபமும் இதையே சொல்கிறது: பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாயிருக்க, அவரும் அவர்களைப்போல மாம்சமும் இரத்தமும் உடையவரானார்; மரணத்துக்கு அதிகாரியாகிய பிசாசைத் தம் மரணத்தினாலேயே அழிக்கும்படி அப்படி ஆனார். அவர் பிறந்த பெத்லகேமையும் சிலுவையில் இறந்த கல்வாரியையும் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே புரியாமல் போகும் என்பதற்குக் காரணம் இது. சாகக்கூடிய உடல் அவருக்குக் கிடைத்தது பெத்லகேமில்.

மேற்கத்திய திருச்சபையில் வேறு விதமான பதில் வேரூன்றியது. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம், கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மதிப்பைச் செலுத்தாமல் போன கடன் மனிதனுடையது, ஆனால் அதை ஈடுசெய்யும் வல்லமை கடவுளுக்கு மட்டுமே உண்டு, ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவரே அதைச் செய்ய முடியும் என்று வாதிட்டார். பின்னால் வந்த சீர்திருத்தத் திருச்சபைகளின் போதனையில் இந்தச் சாயல் அதிகம். அதிலும் உண்மை இருக்கிறது, வேதத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனாலும் கிறிஸ்துமஸைப் புரிந்துகொள்ள அத்தனாசியுஸின் வழியே எனக்கு ஆழமாகப் படுகிறது. ஏனென்றால் அங்கே பிறப்பு, சிலுவைக்கு வந்து சேர்வதற்கான முன்னேற்பாடாக மட்டும் நிற்பதில்லை. பிறந்ததிலிருந்தே மீட்பு நடந்துகொண்டிருக்கிறது. குழந்தைப் பருவம், வேலை செய்த ஆண்டுகள், நட்பு, துக்கம் என்று ஒவ்வொன்றையும் அவர் வாழ்ந்து கடக்கும்போது அதுவும் கடவுளோடு சேர்க்கப்படுகிறது.

இந்தச் சிந்தனையை ஒரே வரியில் பிடித்தவர் நாசியான்சு நகரத்து கிரகோரி. அவர் காலத்தில் அப்பொல்லினாரிஸ் என்ற ஆயர், கிறிஸ்துவுக்கு மனித உடல் இருந்தது, ஆனால் மனித மனம் இருந்த இடத்தில் தெய்வீக வார்த்தையே இருந்தது என்று போதித்தார். கேட்க பக்தியாகத்தான் இருக்கும். கிரகோரி அதை ஏற்கவில்லை. கிறிஸ்து மனித இயல்பில் எதை எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்று எழுதினார். யோசித்துப் பாருங்கள்: நம்மில் அதிகம் கெட்டுப்போயிருப்பது எது? தோலும் எலும்புமா? பொறாமை எங்கே முளைக்கிறது, பயம் எங்கே தங்குகிறது, பொய் எங்கே உருவாகிறது? மனத்தில். அந்த மனத்தை அவர் எடுக்காமல் விட்டிருந்தால், நோய் இருக்கிற இடத்தைத் தொடாத வைத்தியர் ஆகியிருப்பார்.

இன்னொரு படி போன கதையும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில், கிறிஸ்துவுக்குத் தெய்வீகச் சித்தம் (விருப்பம்) ஒன்றுதான் இருந்தது, தனியாக மனிதச் சித்தம் இல்லை என்று பேரரசின் செல்வாக்கோடு ஒரு கருத்து பரவியது. மாக்சிமுஸ் என்ற துறவி, இயேசு கைதான இரவில் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைக் காட்டி அதை மறுத்தார். "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று இயேசு ஜெபிக்கிறாரே, சாவைக் கண்டு பின்வாங்குகிற மனிதச் சித்தம் அவருக்கு இல்லையென்றால் அந்த ஜெபம் நாடகமாகிவிடாதா என்பது அவர் வாதம். 662-இல் அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள். அந்த ஆண்டே இறந்துபோனார். 680-681-இல் கான்ஸ்தாந்திநோபிளில் மூன்றாவது முறையாகக் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அவர் சொன்னதையே திருச்சபையின் போதனையாக அறிவித்தது. வியர்வை பெருந்துளிகளாய் விழ, தமக்கு வேண்டாம் என்று தோன்றுவதைப் பிதாவின் கையில் ஒப்படைக்கிற அந்த இரவில்தான், ஆதாம் முதல் நாம் எல்லோரும் சொல்ல மறுத்த "சரி" ஒரு மனித வாயிலிருந்து வந்தது. அதைச் சொன்னது உண்மையான மனிதச் சித்தமாக இருந்தால் மட்டுமே அது நம் சார்பில் சொன்னதாகும்.

அவர் மனிதர் என்பதற்காக இவ்வளவு போராட்டம் என்றால், அவர் கடவுள் என்பதற்காக நடந்தது இதைவிடப் பெரியது. அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், குமாரன் படைப்புகளில் எல்லாம் முதன்மையானவர், மிக உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்று போதித்தார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை நிராகரித்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். அந்த அறிக்கைக்காக நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ஏறக்குறைய 17 ஆண்டுகள் தம் ஊருக்கு வெளியே கழித்தார். இதில் அவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்கலாம். ஆரியுஸ் சொன்னது சரியென்றால், கிறிஸ்துமஸ் அன்று கடவுள் வரவில்லை. வேறு ஒருவரை அனுப்பிவிட்டுத் தாம் தூரத்திலேயே இருந்துவிட்டார். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று இயேசு பிலிப்புவிடம் சொன்னது வெறும் வார்த்தையாகிவிடும். தொழுநோயாளியைத் தொட்ட கை கடவுளின் கை இல்லை, இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறையில் விழுந்த கண்ணீர் கடவுளின் கண்ணீர் இல்லை என்றாகும். கடவுள் உண்மையில் எப்படிப்பட்டவர் என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். இயேசுவின் முகத்துக்குப் பின்னால் வேறொரு முகமுள்ள கடவுள் ஒளிந்திருக்கவில்லை என்ற உறுதி நிசேயாவில் காப்பாற்றப்பட்டது. எனக்குத் தெரிந்து ஒரு விசுவாசிக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

தமிழில் இதைப் பேசும்போது, இது அவதாரம் போன்றதுதானே என்ற கேள்வி கட்டாயம் வரும். கிறிஸ்தவர்களே மனிதாவதாரம் என்று எழுதுவதும் உண்டு. ஒற்றுமை உண்டு: இரண்டிலும் இறைவன் இறங்கி வருகிறார், அன்பினால் வருகிறார். வேறுபாட்டையும் மரியாதையோடு சொல்ல வேண்டும். வைணவ மரபில் தர்மம் தாழும்போதெல்லாம் யுகந்தோறும் அவதாரங்கள் நிகழ்கின்றன. இராமானுஜரின் விசிஷ்டாத்வைதத் தத்துவத்தின்படி அவதாரத் திருமேனி பிரகிருதியால், அதாவது உலகின் ஜடப்பொருளால், ஆனதல்ல, சுத்த சத்துவம் என்ற தூய தெய்வீகப் பொருளால் ஆனது. கிறிஸ்தவ விசுவாசமோ, இது ஒரே ஒருமுறை, ரோமப் பேரரசர் அகுஸ்து இராயனின் காலத்தில், குறிப்பிட்ட ஒரு யூதப் பெண்ணின் வயிற்றில் நடந்தது என்கிறது. அவர் எடுத்த உடல் அந்தப் பெண்ணின் இரத்தத்திலிருந்து வந்த, நம்முடையதைப் போன்றே சாகக்கூடிய உடல் என்கிறது. எது உயர்வு என்ற போட்டிக்காக இதைச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் சொல்ல வந்தது காதில் விழாது.

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டிப்பாகப் பார்த்தால் கடவுள் மனிதரானது பெத்லகேமில் அல்ல, அதற்கு ஒன்பது மாதம் முன்பு நாசரேத்தில். அதனால்தான் பழைய திருச்சபைகள் மார்ச் 25-ஐ மங்கள வார்த்தைத் திருநாளாகக் கொண்டாடுகின்றன. "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை, உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்று மரியாள் சொன்ன பிறகே தூதன் அவளை விட்டுப் போகிறான். எல்லாம் வல்லவர் ஓர் ஏழைப் பெண்ணின் சம்மதத்துக்காகக் காத்திருந்தார் என்று பெர்னார்டு போன்ற பழைய பிரசங்கியார்கள் இந்த இடத்தில் நெகிழ்ந்து பேசியிருக்கிறார்கள். 431-இல் எபேசு சங்கம் மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைத்தது சரியே என்று தீர்மானித்ததும் முதலாவது கிறிஸ்துவைப் பற்றிய தீர்மானம்தான்: அவள் பெற்றது, பின்னால் கடவுள் வந்து குடிகொண்ட ஒரு மனிதனை அல்ல, மனிதராகிய கடவுளை.

எந்த மனித நிலையைத் தேர்ந்துகொண்டார் என்பதும் தற்செயல் இல்லை. குழந்தை பிறந்து நாற்பது நாளுக்குப் பின் எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். லூக்கா அங்கே காணிக்கையைக் குறிப்பிடுகிறார்: ஒரு ஜோடு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதி இல்லாதவளுக்குச் சொல்லப்பட்ட சலுகை அது. பிறகு மத்தேயு சொல்வது: அரசன் ஏரோதின் வாளுக்குத் தப்பி இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிற குடும்பம். கடவுள் பொதுவாக "மனிதகுலம்" ஆகவில்லை. ஆட்டுக்குட்டி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையாகவும், ஊரை விட்டு ஓடிய வீட்டுப் பிள்ளையாகவும் ஆனார். "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்" என்று பிற்காலத்தில் அவர் சொன்னபோது, எட்ட நின்று இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. பசித்தவன், அந்நியன் என்ற பட்டியலில் அவரும் இருந்திருக்கிறார்.

இத்தனை விவாதத்துக்குப் பின் 451-இல் கல்செதோனில் (இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி) கூடிய சங்கம் ஒரு வரையறை தந்தது. கிறிஸ்து ஒருவரே, அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், இரண்டு இயல்புகளும் கலந்துவிடாமல், மாறிவிடாமல், பிரிந்துவிடாமல், விலகிவிடாமல் அவரில் இருக்கின்றன. நான்கு எதிர்மறைச் சொற்கள். எப்படி என்று விளக்க அவர்கள் முயலவில்லை, எந்தப் பக்கம் தவறி விழக்கூடாது என்று எல்லை கட்டினார்கள். இந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். கோப்டிக், அர்மேனிய, சிரிய, எத்தியோப்பிய மரபுத் திருச்சபைகள் இந்தச் சங்கத்தை ஏற்கவில்லை. "இரண்டு இயல்புகள்" என்று சொன்னால் கிறிஸ்து இரண்டாகப் பிளந்துவிடுவார் என்று அஞ்சினார்கள். ஆனால் அவர் முழுக் கடவுள், முழு மனிதர் என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை.

டிசம்பர் 25 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கேட்பார்கள். நற்செய்திகளில் தேதி இல்லை. 354-இல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில் இந்த நாள் காணப்படுகிறது. அர்மேனியத் திருச்சபை ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது. விசுவாசம் தேதியைச் சார்ந்தது அல்ல என்பதால் இதற்கு மேல் இதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

கடைசியாக, பல கிறிஸ்தவர்களே கவனிக்காமல் விடுகிற ஒன்று. கடவுள் மனிதராயிருந்தது சுமார் 33 ஆண்டுகள், பிறகு பழையபடி ஆகிவிட்டார் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. உயிர்த்தெழுந்தவர் ஆவி என்று பயந்த சீஷர்கள் முன்னால் பொரித்த மீன் துண்டை வாங்கித் தின்று காட்டினார். சந்தேகப்பட்ட சீஷர் தோமாவுக்குக் காட்டிய உடலில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன. அந்த உடலோடுதான் பரமேறினார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட தீமோத்தேயு நிருபம், தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவே நிற்கிற மத்தியஸ்தரை "மனுஷனாகிய கிறிஸ்து இயேசு" என்றே அழைக்கிறது. கொலோசெயர் நிருபம், தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம் சரீரப்பிரகாரமாக அவருக்குள் "வாசமாயிருக்கிறது" என்று நிகழ்காலத்தில் எழுதுகிறது. பெத்லகேமில் எடுத்ததை அவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை. இன்று பிதாவின் வலதுபாரிசத்தில் இருப்பவர் மரியாளின் மகன். பசி, களைப்பு, நண்பன் காட்டிக்கொடுத்த வலி எல்லாம் அவருக்குச் சொந்த அனுபவம். ஜெபிக்கிறவர் அதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. எபிரெயர் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில், நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கிறவர் அவர் என்று சொன்ன கையோடு, தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே (கிருபையின் சிங்காசனத்தருகே) சேரக்கடவோம் என்று அழைப்பது இந்தக் காரணத்தால்தான்.